வாய் அசையக் கூடாத தேர்வு

என் வீட்டுக்காரருக்கு வாயை மூடிக்கொண்டு யோசிக்கத் தெரியாது. உப்பைத் தேடினால் கூட, "உப்பு… உப்பு… மேல் தட்டா, கீழ்த் தட்டா…" என்று உதடு ஓடிக்கொண்டே இருக்கும். கல்யாணமான புதிதில் என்னிடம்தான் ஏதோ சொல்கிறார் என்று நினைத்து, "என்ன, என்ன?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் போவேன். போகப் போகப் பழகிவிட்டது. அவர் முணுமுணுப்பார். நான் இருந்த இடத்திலிருந்தே "கீழ்த் தட்டு" என்பேன். அவரும் திரும்பிக் கூடப் பார்க்காமல் எடுத்துக்கொள்வார். இருபத்து நாலு வருஷம் எங்கள் குடித்தனம் இப்படித்தான் ஓடியது.

பெரிய ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களுக்கு வயர் இழுக்கும் வேலையில் சேர்ந்தவர் அவர். பத்தொன்பது வருஷமாகிறது. டாக்டரிலிருந்து வாசல் காவலாளி வரைக்கும் எல்லாருக்கும் அவர் 'வயர்க்காரர்'தான். எந்த வார்டில், கூரையின் எந்தப் பலகைக்கு மேல் எந்த வயர் போகிறது என்பது அவருக்கு மனப்பாடம். நடுவில் வயரோடு சர்வர், பாஸ்வேர்ட் எல்லாம் அவர் தலையில் வந்து விழுந்தன. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு ஓடி ஓடியே கற்றுக்கொண்டார்.

ஆனால் கையில் ஒரு பேப்பர் கிடையாது. சின்ன வயதில் டிப்ளமோ சேர்ந்திருக்கிறார். பரீட்சை ஹாலில் கேள்வியைப் படித்துக்கொண்டு முணுமுணுத்தவரை, "வாயை மூடுடா, யாருக்குடா பதில் சொல்றே?" என்று கண்காணிப்பாளர் எழுப்பி நிற்க வைத்தாராம். உட்கார்ந்து பார்த்தால் படித்தது ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. அடுத்த வருஷமும் அதே கதை. அதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர்தான். பரீட்சை என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார்.

இந்த வருஷம் ஆஸ்பத்திரி நிர்வாகம் கை மாறியது. புதிதாக வந்த மேலாளர், முப்பது வயது கூட ஆகாத பெண், இவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னாளாம்: "அண்ணே, உங்க வேலை எனக்குத் தெரியும். ஆனா மேல இருக்கறவங்களுக்கு பேப்பர்தான் தெரியும். நெட்வொர்க்கத் தொடற எல்லாரும் செக்யூரிட்டி சர்டிபிகேட் வாங்கியாகணும். நாலு மாசம் டைம். இல்லேன்னா லிஸ்ட்ல பேர் இருக்காது." அவளைத் திட்டலாம் என்று பார்த்தால், சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது என்கிறார் இவர். யாரைத் திட்டுவது? ஐம்பத்தோரு வயதில் வேறு எந்த ஆஸ்பத்திரி இவரைக் கூப்பிட்டு உட்கார வைக்கப் போகிறது?

புத்தகம் வந்தது. அறுநூறு பக்கம். தலையில் போட்டால் ஆள் காலி. பாதிக்கு மேல் இவர் கையால் செய்து பார்த்த விஷயம்தான் என்பதால் சமாளித்துவிட்டார். ஒரே ஒரு அத்தியாயம்தான் ஆளைப் போட்டு வாட்டியது. உள்ளே வரப் பார்க்கிறவன் தன்னை யார் என்று சொல்லிக்கொள்கிறானோ அந்த ஆள்தானா என்று நெட்வொர்க் எப்படிச் சரிபார்க்கிறது என்கிற அத்தியாயம். கெர்பரோஸ், ரேடியஸ், டாகாக்ஸ், எல்டாப் என்று வரிசையாகப் பெயர்கள்.

"இதெல்லாம் மாத்திரை பேரா?" என்று கேட்டேன்.

"ஒவ்வொண்ணும் ஒரு வாசக் காவலாளின்னு வச்சுக்கயேன். எவன் எப்படி ஆளச் சரிபாக்கறான், எதை மறைக்கறான், எதைக் கோட்டை விடறான்னு பரீட்சையில கேப்பான். எனக்கு எல்லாம் ஒரே மூஞ்சியாத் தெரியுது."

நான் சலவைக் கடையில் இஸ்திரிப் பிரிவில் பதினாலு வருஷமாக நிற்கிறவள். துணியில் குத்தும் மஞ்சள் அட்டைகளில் ஒரு கட்டு அச்சுப் பிழையோடு வந்து மூலையில் கிடந்தது. முதலாளியிடம் கேட்டு வீட்டுக்கு எடுத்து வந்தேன். ஒரு பக்கம் கேள்வி, மறு பக்கம் பதில். நான் படிக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தார். விடியற்காலை அரை மணி, சாயங்காலம் ஒரு மணி. கேள்வி கேட்கும் வேலை எனக்கு. எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. அதனால் என்ன, பதில் தப்பா சரியா என்று அட்டையைப் பார்த்துச் சொல்லத் தெரியும், அதட்டத் தெரியும்.

ஒரு நாள் கெர்பரோஸில் மாட்டிக்கொண்டு பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார். "ஒருத்தன் பாஸ்வேர்ட ஒரு தடவ சொல்லிட்டான். அப்புறம் எதுக்கு அவனுக்கு ஒரு சீட்டு? அந்தச் சீட்டக் காட்டி எதுக்கு இன்னொரு சீட்டு? எழவு, எத்தன சீட்டு!"

"இதுல என்ன புரியல? எங்க கடையில என்ன நடக்குது? முன் கவுன்டர்ல ஆளு யாருன்னு பாத்து டோக்கன் குடுக்கறாங்க. பின்னாடி துணி குடுக்கற பொண்ணுக்கு அந்த ஆளோட மூஞ்சி தெரியுமா? டோக்கனப் பாத்தா, துணியக் குடுத்துட்டா. ஒவ்வொருத்தரா 'நீ யாரு, உங்கப்பன் யாரு'ன்னு அவளும் கேட்டுக்கிட்டிருந்தா கடை வெளங்குமா?"

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அடிப்பாவி! இத இந்த ஆளு முப்பது பக்கம் எழுதியிருக்கான்."

அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, பெண் பிறந்தபோது கூட அப்படிச் சிரித்ததில்லை.

டோக்கனில் நேரமும் போட்டிருக்கும் என்று அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். திருடின பழைய டோக்கனை எவனும் மறுபடி காட்டிவிடக் கூடாது அல்லவா? அதனால் கேட்கும் மெஷினின் கடிகாரமும் கொடுக்கும் மெஷினின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். ஐந்து நிமிஷத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், பாஸ்வேர்ட் சரியாக இருந்தாலும், நீ யாராக இருந்தாலும், வெளியே நில் என்றுவிடும். எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை நான் எப்போதும் பன்னிரண்டு நிமிஷம் கூட்டித்தான் வைத்திருப்பேன். இல்லாவிட்டால் இந்த மனிதர் நேரத்துக்குக் கிளம்ப மாட்டார். அதைப் பார்த்தார். "அப்ப நம்ம வீட்டுக்குள்ள ஒரு பயலும் நுழைய முடியாது."

அன்றிலிருந்து அதுவே எங்களுக்கு விளையாட்டாகிவிட்டது. ஊறுகாய் பாட்டில் மூடி திறக்கவில்லையா? "கடிகாரத்தப் பாரு!" பூட்டில் சாவி மாட்டிக்கொண்டதா? "கடிகாரம், கடிகாரம்!" வெளியூரில் படிக்கும் எங்கள் பெண் போனில் இதைக் கேட்டுவிட்டு, "ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல கழண்டுடுச்சா?" என்றாள்.

இரண்டு மாதத்தில் எனக்கு அட்டை தேவைப்படவில்லை. நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பேன். அவர் ஷூ மாட்டிக்கொண்டே, "ரேடியஸ்… ரேடியஸ் எதை மட்டும் மறைக்கும்…" என்று ஆரம்பிப்பார். "பாஸ்வேர்ட மட்டும். டாகாக்ஸ்னா மொத்தத்தையும்" என்பேன். அவர் தலையாட்டிவிட்டுக் கிளம்புவார். எனக்குள் ஒரு பெருமை கூட வந்தது, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் என்னை யாரும் கெட்டிக்காரி என்று சொன்னதில்லை.

பரீட்சைக்குப் பதியப் போனால் மையத்தில் இடம் இல்லை. கிடைத்த தேதியோ கெடு முடிந்து பதினைந்து நாள் கழித்து. வீட்டிலிருந்தே லேப்டாப்பில் எழுதலாம், கேமரா வழியாக எங்கோ இருந்து ஒருவர் கண்காணிப்பார் என்றார்கள். சரி, நம் வீடுதானே என்று நானும் சந்தோஷப்பட்டேன். பிறகு விதிமுறைத் தாள் வந்தது. அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. மேஜை காலியாக இருக்க வேண்டும். சுவரில் ஒன்றும் ஒட்டியிருக்கக் கூடாது. கேள்வியை வாய்விட்டுப் படிக்கக் கூடாது, உதடு அசையக் கூடாது.

அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டுப் பேயறைந்த மாதிரி உட்கார்ந்துவிட்டார். "போச்சு. இது நமக்கு ஆகாது, விட்டுடு."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை, அந்தத் தாளை எழுதினவன் மேல். ஒரு மனிதனின் உதடு அசைந்தால் எவன் குடி முழுகிப் போய்விடும்? ஆனால் கத்தி என்ன பிரயோஜனம், அவன் இருக்கும் ஊர் கூடத் தெரியாது. ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டு வந்து நீட்டினேன். "வாயில ஊத்திக்குங்க. முழுங்கக் கூடாது. இப்ப கேள்வியப் படிங்க."

முதல் நாள் சிரிப்பு வந்து புத்தகம் முழுக்கத் துப்பினார். இரண்டாம் நாள் புரையேறிக் கண் பிதுங்கிவிட்டது. மூன்றாம் வாரம் ஒரே வாய்த் தண்ணீரில் இருபது கேள்வி போட்டார். மாதிரித் தேர்வில் நூற்றுக்கு எண்பத்திரண்டு வந்தது. தண்ணீரைத் துப்பிவிட்டு வந்து, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே, "பாஸ் பண்ணிடுவேன் போலிருக்கே" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் அதுவரைக்கும் கேட்டதில்லை.

தேர்வு காலை பத்து மணிக்கு. பெட்டி படுக்கை போடும் சின்ன அறையை முதல் நாளே காலி செய்து, அவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று சுவரில் ஒட்டி வைத்திருந்த மஞ்சள் அட்டைகளை ஒவ்வொன்றாகக் கிழித்தெடுத்தேன். பிறகு கட்டடம். நாலு மாடியும் ஏறி இறங்கி, பத்திலிருந்து பன்னிரண்டு வரைக்கும் யார் வீட்டிலிருந்தாவது சத்தம் வந்தால் நடப்பதே வேறு என்று சொல்லிவிட்டு வந்தேன். மேல்வீட்டு வயலின் வாத்தியாரை மாணவர்களோடு பூங்காவுக்கு அனுப்பினேன். எதிர்வீட்டு நாய்க்கு எலும்பு வாங்கிக் கொடுத்தேன். அழைப்பு மணியின் வயரைப் பிடுங்கினேன். திடீர் திடீரென்று உறுமும் என்று ஃபிரிட்ஜை அணைத்தேன். டிக் டிக் என்கிறதே என்று சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியையும் கழற்றினேன்.

"நீ வேலைக்குப் போயிடும்மா" என்றார்.

"நான் லீவு போட்டாச்சு. நான் போயிட்டா அந்த நாய யாரு பாத்துக்கறது?"

"அப்ப கீழ போய் வாசல்ல நில்லு. நீ வீட்டுக்குள்ள இருந்தா எனக்குப் படபடன்னு வருது."

"சரி சரி, போறேன். நீங்க உள்ள போங்க."

அடையாள அட்டையைக் கேமராவுக்குக் காட்டினார். லேப்டாப்பைத் தூக்கி நாலு சுவரையும், மேஜைக்கு அடியையும் காட்டினார். கண்காணிப்பாளருக்கு முகமும் கிடையாது, குரலும் கிடையாது. திரையில் எழுத்து மட்டும்தான் வந்தது. கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் கீழே போகவில்லை. படி வரைக்கும் போனேன். போய் நின்று என்ன செய்வது? தண்ணீர்க் குழாயை யாராவது திறந்துவிட்டால்? தபால்காரர் கதவைத் தட்டிவிட்டால்? பூனை மாதிரி திரும்பி வந்து கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அரை மணி நேரம் அப்படியே நின்றேன். பிறகு, சத்தம் வராத வேலைதானே என்று இஸ்திரிப் பெட்டியை மாட்டி, அவருடைய நீலச் சீருடைச் சட்டையை எடுத்து விரித்தேன். கை வேலையில் இறங்கினால்தான் எனக்கு மனசு அடங்கும். நாளைக்குப் பாஸான மனிதராக இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போவார் என்று காலரை அழுத்தி அழுத்தித் தேய்த்தேன்.

பதினொன்றே கால் இருக்கும். கதவுக்கு அந்தப் பக்கம் லேசாக அந்த முணுமுணுப்பு வந்தது.

"பாஸ்வேர்ட் சரி… சர்வர் ஓடுது… கரண்ட் போய் வந்ததுல இருந்து ஒருத்தரும் உள்ள போக முடியல… ஏன்…"

"கடிகாரம்!" என்றேன்.

நான் நினைத்துச் சொல்லவில்லை. உப்பு கீழ்த் தட்டில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வேனோ அப்படிச் சொன்னேன். என் கண் காலரில்தான் இருந்தது. பதினாலு வருஷம் மெஷின் இரைச்சலில் பேசிப் பேசி என் குரல் எப்போதுமே பெரிசு. அந்த நிசப்தத்தில் அது கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும்.

பிறகுதான் கையால் வாயைப் பொத்தினேன். பொத்தி? என் நாக்கில் சனி உட்கார்ந்து எழுந்து போன பிறகு பொத்தி என்ன புண்ணியம்?

உள்ளே ஒரு சத்தமும் இல்லை. நாற்காலி நகரவில்லை. நான் சட்டையை அப்படியே விட்டுவிட்டு, கதவைப் பார்த்துக்கொண்டு, எதுவும் ஆகியிருக்காது, கேமராவுக்குக் காது இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நின்றேன். சட்டை கருகும் வாசனை வந்து இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினேன். அதற்குள் கதவு திறந்தது.

"முடிஞ்சிடுச்சு" என்றார். 

திரையில் நாலு வரி இருந்தது. ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை, ஒன்று உதடு அசைந்ததற்கு, ஒன்று கதவைத் திரும்பிப் பார்த்ததற்கு. இப்போது அறைக்கு வெளியிலிருந்து வேறொருவர் பதில் சொன்னது கேட்டதால் தேர்வு ரத்து. முப்பது நாள் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம். கெடு முடிய ஒன்பது நாள்தான் இருந்தது.

நான் ஓடிப்போய் லேப்டாப்புக்கு முன்னால் குனிந்தேன். "ஐயா! அம்மா! யாரா இருந்தாலும் கேளுங்க! அவரு என்னை ஒண்ணும் கேக்கல. நான்தான், என் வாய்தான். அவருக்கு எல்லாம் தெரியும். இப்ப வேணும்னா கேட்டுப் பாருங்க, நான் தெருவுக்குப் போயிடறேன்!"

கேமராவின் சின்ன விளக்கு அணைந்திருந்தது. "அங்க யாரும் இல்லம்மா" என்றார் அவர். நான் அப்புறமும் கொஞ்ச நேரம் கத்தினேன்.

மேலாளருக்குப் போன் செய்தார். நானே போனைப் பிடுங்கி நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண் உடனே தேர்வு நடத்துகிறவர்களுக்கு எழுதினாள், ஆஸ்பத்திரி மேலிடத்துக்கும் எழுதினாள். இரண்டு பக்கமிருந்தும் இரண்டு நாளில் பதில் வந்துவிட்டது. குரல் பதிவாகியிருக்கிறது, பதில் சரியான பதில், ஆகவே உதவி பெற்றதாகத்தான் கொள்ள முடியும் என்று தேர்வுக்காரர்கள் எழுதியிருந்தார்கள். கெடுவை ஒரு நாள் கூட நீட்ட முடியாது என்றது ஆஸ்பத்திரி மேலிடம். நான் தப்பாகச் சொல்லித் தொலைத்திருந்தாலாவது ஏதாவது பேசியிருக்கலாம்.

அதெல்லாம் பின்னால். அன்று மதியம் அவர் ஃபிரிட்ஜைப் போட்டார். நான் பிய்த்து எறிந்திருந்த அழைப்பு மணி வயரை நறுக்கிச் சீவி, ஒழுங்காக முறுக்கி, டேப் சுற்றி, இரண்டு தரம் அமுக்கிப் பார்த்தார். ஸ்டூல் மேல் ஏறிச் சுவர்க் கடிகாரத்துக்குப் பேட்டரி போட்டார். போனைப் பார்த்துச் சரியான நேரத்துக்கு வைத்தார். எப்போதும் போலக் கூட்டி வைக்கவில்லை. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எனக்குத் தாங்கவில்லை. "திட்டுங்களேன்! வாயில வந்தபடி திட்டிடுங்க. எத்தன கேள்விய நான் பாழாக்கினேன், சொல்லுங்க."

"ஒண்ணும் பாழாகல. தொண்ணூறு கேள்வியும் போட்டுட்டேன். டைம் இருக்கேன்னு முதல்ல இருந்து ஒரு தடவ பாத்துக்கிட்டு இருந்தேன். முடிக்கற பட்டன அமுக்கறதுதான் பாக்கி."

"அப்ப அந்தக் கேள்வி?"

"அதுக்கு எப்பவோ பதில் குத்திட்டேன். கடிகாரம்தான்."

"அப்புறம் எதுக்கு முணுமுணுத்தீங்க?" என்று கத்தினேன். அழுகையும் சேர்ந்து வந்தது.

ஸ்டூலிலிருந்து இறங்கினார். "நம்ம கேள்வி வந்திருக்கே, உன்கிட்ட வந்து சொல்லணும்னு தோணுச்சு. அந்தச் சந்தோஷத்துல வாய் வந்துடுச்சு. நீ கீழ நிக்கறேன்னு நெனச்சேன்."

மாசக் கடைசி நாள் வந்தது. சாவிக் கொத்தையும் ஆஸ்பத்திரி அடையாள அட்டையையும் ஒப்படைத்துவிட்டு வர வேண்டும். கருகின காலர் சட்டையையே போட்டுக்கொண்டார், இனிமேல் யார் பார்க்கப் போகிறார்கள் என்று. கிளம்பும் நேரத்தில் அலமாரியைத் திறந்து துழாவ ஆரம்பித்தார்.

"அட்டை… அட்டை… அலமாரியிலயா, பையிலயா…"

போட்டிருக்கும் சட்டைப் பையில்தான் இருக்கிறது. எனக்குத் தெரியும். நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றேன். அவர் மேஜையைத் தேடினார், கதவுக்குப் பின்னால் தேடினார். முணுமுணுப்பு நின்றது. திரும்பிப் பார்த்தால் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்கேன்னு சொல்ல மாட்டியாம்மா?" என்றார்.

பக்கத்தில் போய் அவர் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து அவர் கையில் வைத்தேன். வாயைத் திறக்கவில்லை.